சரக்கு

நிக்கனோர் வெய்ரா உட்கார்ந்தே சம்பாதிக்கிறவன்.
சான் ரஃபேலில் ஏறினால் ரியோ கயேகோஸ் வரை
இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர்.
பக்கவாட்டில் காற்று,
முன்னால் தார்,
தொடைக்கு நடுவே வெந்நீர்க் குடுவை, மாத்தே இலைக் கசப்பு.
மதியத்துக்கு இறைச்சி. ராத்திரிக்கும் இறைச்சி.
காய்கறி என்பது தட்டின் ஓரத்தில்
மனிதர்கள் ஒதுக்கிவைக்கும் ஒரு பச்சை நிறம்.

போன மார்ச்சில் ஒருக்களித்து ஓட்டத் தொடங்கினான்.
வண்டிதான் சாய்கிறது என்று சக்கரத்துக்குக் காற்று பிடித்தான்.
இருக்கைக்குப் புதுப் பஞ்சு தைத்தான்.
அதன்மேல் செம்மறித் தோல் விரித்தான்.
எந்த லாரிக்கும் அடியில் படுத்துப் பழுது பார்க்கிறவன்,
தன் அடிப்பாகத்தை மட்டும்
பார்க்க வழியில்லை.

த்ரெலேயூ. பெட்ரோல் நிலையக் கழிப்பறை.
வெள்ளைப் பீங்கானில் சிவப்பு.
ஒரு சொட்டு.
பிறகு இன்னொன்று.
பிள்ளைகளை எண்ணினான். இரண்டு பேர்தான்.
திரும்பவும் எண்ணினான்.

கோமோதோரோவின் மருந்துக்கடையில் மூன்று பெண்கள் நின்றார்கள்.
இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.
மறுபடி போய்க் காயத்துக்கு ஒட்டும் பட்டி வாங்கினான்.
மூன்றாம் முறை போனபோது
தெல்ஃபினா பிரிட்சார்ட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.
“லாரியா, பஸ்ஸா?”
“லாரி.”
அவ்வளவுதான். நோயின் பெயர்
இருவர் வாயிலும் வரவில்லை.

என் மொழியில் அதற்கு மூலம் என்று பெயர்.
மூலம் என்றால் வேர். மூலம் என்றால் ஆதி.
நகலுக்கு முந்திய ஏடு; வானில் ஒரு நட்சத்திரம்.
இவ்வளவு கனமான சொல்லைக் கொண்டுபோய்
அந்த இடத்தில் வைத்தவர் யாரோ
கட்டாயம் ஒருநாள்
உட்கார முடியாமல் நின்றிருக்கிறார்.

“விரல்நுனி அளவு போதும். காலையும் இரவும்,
கழுவி, ஒற்றித் துடைத்துவிட்டு. தேய்க்காதே.
ஒரு வாரம். அதற்கு மேல் போடாதே.
இந்தக் களிம்பு எரிச்சலை அணைக்கும்,
தீ வைக்கிறவனை ஒன்றும் செய்யாது.”
“யார் அவன்?”
மீதிச் சில்லறையை அவன் உள்ளங்கையில் வைத்து
விரல்களை மடக்கிவிட்டாள்.
“ரத்தம் பார்த்தாயா? அப்படியானால் டாக்டரிடம் போ.
அதுதான் என்று நீயும் நானும் தீர்ப்பு எழுதக்கூடாது.”

கையுறை. குளிர்ந்த ஜெல்லி. மூச்சை விடுங்கள்.
சுவர் நாட்காட்டியில் பதினாறு பென்குவின்கள்,
எல்லாம் நின்றுகொண்டிருந்தன.
“பயப்பட ஒன்றுமில்லை. கத்தியும் வேண்டாம்” என்றார் டாக்டர் இபார்ரா.
“நார்ச்சத்து வேண்டும், தண்ணீர் வேண்டும்.
ஆமாம், என்ன சரக்கு ஏற்றுகிறீர்கள்?”
“உலர்ந்த பிளம்.”
டாக்டர் கையுறையைக் கழற்றினார்.
சிரிக்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பினார்.
தோள்கள் குலுங்கின.
பதினோரு வருடம். ஒவ்வொரு நடைக்கும் இருபத்தாறு டன்.
ஒன்றைக்கூட அவன் தின்றதில்லை.

இப்போது இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்துகிறான்.
லாரியை மூன்று சுற்றுச் சுற்றுகிறான்,
காற்று ஒரு சுற்றைப் பாதியிலேயே திருப்பி அனுப்புகிறது.
இரவில் ஆறு பழம் ஊறவைக்கிறான்.
தங்கும் இடத்தில் நீலப் பிளாஸ்டிக் தொட்டி,
வெதுவெதுப்பான தண்ணீர், கால்மணி நேரம்,
சமைக்கப்போகிற காய்போல அமர்ந்திருக்கிறான்.
கழிப்பறையில் பாதங்களுக்கு அடியில் பழப்பெட்டி.
கைபேசி வண்டியிலேயே இருக்கட்டும்.
முக்குவதில்லை. வருகிறபோது வரட்டும்,
வராததற்கு அங்கே தவம் கிடப்பதில்லை.

ஜூலையில் தவறினான்.
மச்சான் வீட்டுத் திருமணம், மூன்று நாள் தீயில் வாட்டிய ஆட்டுக்கறி,
நான்காம் நாள் மறுபடி ஒருக்களித்த பயணம்.
வாகனப் பத்திரங்களுக்கு நடுவே களிம்புக் குழாய்
வாலிலிருந்து சுருட்டப்பட்டுப்
பாதியாய்க் கிடக்கிறது.

நேற்று சான் ஹுலியானில்
எதிர்வரிசை லாரியிலிருந்து இறங்கிய இளைஞன்
ஒரு கையால் கதவைப் பிடித்து,
ஒரு காலை ஊன்றி,
மறுகாலை எண்ணி எண்ணி வைத்தான்.
நிக்கனோர் ஒன்றும் கேட்கவில்லை.
காகிதப்பை ஒன்றை அவன் படிக்கட்டில் வைத்துவிட்டுத்
தன் மூன்று சுற்றுக்கு
நடக்கத் தொடங்கினான்.