இரண்டு தோலா

மதுரைப் பெரிய தபாலாபீசில்
பதிவுத்தபால் ஜன்னல் என்னுடையது, பதினாறு வருஷம்.
வங்காளக் கவிதையைப் பற்றி
எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் எடை.

மாதம் ஒருமுறை, பெரும்பாலும் சனிக்கிழமை,
ரயில்வே குடியிருப்பிலிருந்து ஒற்றைமாட்டு வண்டி வரும்.
இறங்குகிறவள் காலில் செருப்பு.
அதைப் பார்க்கவே வாசலில் நாலு பேர்.
தணிக்கை ஆபீஸ் பரேஷ்நாத் குஹாவின் சம்சாரம்.
நீளக் கவரைத் தராசில் வைப்பாள்.
இரண்டு தோலா, சிலசமயம் இரண்டேகால்.
தபாலுக்கு ஓரணா, பதிவுக்கு இரண்டணா,
கல்கத்தாவில் ஏதோ ஒரு மாதப் பத்திரிகைக்கு.

ஒருநாள் கட்டு பெரிது. ஆறணா என்றேன்.
"ஆறு? அது நதியல்லவா?"
காய்காரியிடம் கற்ற தமிழ்.
இரண்டும்தான் என்றேன்.
பாலம் இருக்கும் திசைக்குத் திரும்பினாள்.
"சரிதான். உங்கள் நதியை எண்ணிவிடலாம்."
சித்திரை மாதம். மணலும் நாலு சலவைக்கல்லும்.
நான் என்ன பதில் சொல்ல.

பதிவேட்டில் இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவாள்:
க்ஷேமங்கரி தாசி.
பக்கத்து மேஜைச் சுப்புணிக்கு
மூக்கு வழியே சிரிப்பு வரும்.
இங்கே அம்மாள் என்று முடிகிற மாதிரி
அவர்கள் ஊரில், அவர்கள் ஜாதியில், அப்படி முடியுமாம்.
அது பிற்பாடு தெரிந்தது.
முதலில் நானும் சிரித்தேன்.
அதை மறைத்துவிட்டு இதை எழுதினால்
எடை குறைந்துவிடும்.

ஆவணியில் கல்கத்தாவிலிருந்து ஒரு புத்தகக்கட்டு.
'ஸ்ரீமதி க்ஷேமங்கரி தாசி, மதுரா.'
அவ்வளவுதான் விலாசம்.
புதிதாக வந்த தபால்காரன் வெள்ளியம்பலம்
யோசித்துப் பார்த்தான். யோசித்தபடியே
கோயிலுக்குத் தெற்கே ஒரு சந்துக்குள் போய்
மரகதவல்லி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான்.

மூன்றாம் நாள் அவளே வந்தாள்.
ஜன்னலில் இருந்த வரிசை தானாக விலகியது,
மரியாதையால் அல்ல.
"இந்த எழுத்து எனக்குத் தெரியாது.
ஆனால் நாலு வரிக்கு ஒருதரம் மூச்சு விடுகிறாள்.
பாட்டுதான்.
உடையவளிடம் சேர்த்துவிடுங்கள்."

சனிக்கிழமை க்ஷேமங்கரி பிரித்தாள்.
அவள் கவிதையின் ஓரத்தில், வரிக்கு வரி,
பென்சிலில் தாளக்குறி.
நிமிராமலே கேட்டாள், தன் பாஷையில்:
"கார் ஹாத்?"
எங்கள் சௌராஷ்டிர வீட்டிலும் கைக்கு ஹாத் என்றுதான் பெயர்.
இது யார் கை என்கிறாள்.
பதினாறு வருஷத்தில்
அந்த ஜன்னலில் என் வீட்டுச் சொல் ஒன்று
வந்து நின்றது அன்றுதான்.

யார் கை என்று சொன்னேன்.
அப்புறம் ஏன் அங்கே போயிற்று என்பதையும்
சொல்லவேண்டி வந்தது.
இங்கிலீஷில் தொடங்கினேன், தமிழில் தடுக்கினேன்,
பதிவேட்டில் அவள் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.
சுப்புணி தன் மைக்கூட்டையே பார்த்திருந்தான்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
"எந்தத் தெரு?"
வண்டி வந்த வழியே திரும்பவில்லை.

அங்கே என்ன நடந்தது, எனக்குத் தெரியாது.
மறுமாதம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
க்ஷேமங்கரி என்று எழுதினாள். சற்று நிறுத்தினாள்.
பிறகு மற்றதையும் எழுதினாள்,
வழக்கத்தைவிடப் பெரிதாக, மை ஊற.
கவர் மூன்றரைத் தோலா.

இரண்டு வருஷம் கழித்து குஹாவுக்குப் பிலாஸ்பூர் மாற்றல்.
பத்திரிகைக்குச் செய்தி எட்டவில்லை போலும்,
கட்டுகள் இங்கேயே வந்தன.
ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் வெட்டிப்
புது விலாசம் எழுதி அனுப்பினேன். அதுதான் விதி.

தை மாதம் ஒருநாள் மரகதவல்லி வாசலில் நின்றாள்.
உள்ளே வரவில்லை.
"அந்தப் புத்தகம் இன்னும் வருகிறதா?"

அன்று காலைதான் ஒன்று வந்திருந்தது.
மாலை வண்டிக்குப் பை கட்டும் நேரம்
சிவப்புப் பேனா கையில் இருந்தது.
வெள்ளியம்பலத்தைக் கூப்பிட்டேன்.
அப்போது கொண்டுபோன வீட்டுக்கே கொண்டுபோ என்றேன்.
புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.
"விலாசம்?"

"சரியாகத்தான் இருக்கிறது, போ."