எதுவும் தங்காத கழுவல்

டைபாய்டு போனது. முடி போகவில்லை,
திரண்டது.
இருபத்தாறு நாள் சீப்புப் படாத தலை
பிடரியில் முதலில் ஒரு முடிச்சாகி
பிறகு பதினொரு சடையாகப் பிரிந்து தொங்கியது.
வெட்டிரலாம் என்றது வீடு.
வெட்டினால் ஆகாது என்றது தெரு.
எனக்குப் பிடித்திருந்தது. அதை மட்டும்
யாரும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளியில் படிவம் கொடுத்தார்கள்:
மதக் காரணமா, மருத்துவக் காரணமா, டிக் செய்க.
இரண்டு கட்டத்துக்கும் நடுவே இருந்த வெள்ளையில்
'தலைமுடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்:
சொ. உமையாள், வேதியியல் ஆய்வக உதவியாளர்,
தேவகோட்டை.

சடைக்கு வேண்டியது பக்தி இல்லை,
எதுவும் தங்காத ஒரு கழுவல்.
சொன்னால் மருந்துக்கடைச் சேவுகன் சிரிக்கிறான்.
"அம்மனுக்கு ஷாம்பு வாங்க யாரும் வந்ததில்ல ஆச்சி."
அவன் எடுத்துவைத்த பாட்டிலைத் திருப்பி
முதுகிலிருந்த எறும்பு எழுத்தைப் படித்தேன்.
டைமெத்திக்கோன்: பூசிக்கொண்டால் போகாது, வேண்டாம்.
மெழுகு, பாதாம் எண்ணெய், ஏதோ ஒரு வெண்ணெய்:
உள்ளே போனது உள்ளேயே கிடந்து சிக்கடிக்கும்.
முத்துப் போல மினுங்குவதற்கென்று ஒரு தூள்;
மினுங்கி நான் என்ன செய்ய.
"அப்ப சீயக்காய்?"
போட்டுப் பார்த்தாச்சு தம்பி.
நாலாம் நாள் தலையை உதறினால்
கரும்பலகை துடைத்த மாதிரி உதிர்ந்தது.
அரப்பும் அப்படித்தான். பொடி எதுவும்
சடைக்குள் குடியேறினால்
காலி செய்யாது, வாடகையும் தராது.

சனிக்கிழமை ஆய்வகம் காலி.
ஆறு சோதனைக் குழாய். மூன்றில் தெரு போர்த்தண்ணீர்.
மூன்றில் மழை:
பதினாலு பங்குள்ள வீட்டில் எங்களுக்கு வந்தது
ஒரு அறையும், வளவு ஓரத்தில் ஒரு தகரமும்;
அந்தத் தகரம் ஐப்பசி முழுக்க
அண்டாவில் வடித்துக் கொடுத்தது.
சோப்புச் சீவல், ஷாம்பு, பூந்திக்கொட்டை ஊறிய நீர்.
கட்டைவிரலால் மூடிக் குலுக்கினேன்.
போர்த்தண்ணீரில் சோப்பு
பால் திரிவது போலத் திரிந்து
கண்ணாடியில் அப்பியது.
மழையில் அதே சோப்பு கழுத்து வரை நுரை.
இத்தனை நாள் பழியைச் சோப்பின் மேல் போட்டிருக்கிறேன்.
பூந்திக்கொட்டை மட்டும்
இரண்டு தண்ணீரிலும் அலட்டிக்கொள்ளாமல் நுரைத்தது.
குறிப்பேட்டில் என் முடிவை எழுதினேன்.
பத்து வருஷமாக அந்த ஏட்டில்
அடுத்தவர் முடிவுகளைப் படி எடுத்தவள்.

ஞாயிறு. எட்டுக் கொட்டை, விதை நீக்கி,
இரவு ஊறி, காலையில் ஒரு கொதி.
பழைய வேட்டியை நாலாய் மடித்து
வடித்ததையே மறுபடி வடித்தேன்.
கண்ணில் பட்டால் எரியும். பட்டது. எரிந்தது.
தேய்க்கக் கூடாது, ஊற்றி ஊற்றிப் பிழிய வேண்டும்,
ஒவ்வொன்றாக.
முதல் சடையிலிருந்து சாம்பல் நிறத்தில் இறங்கியது
காய்ச்சலின் கடைசி வாரம்.
ஏழாவதில் ஒரு வேப்பம்பூ.
பதினொன்றாவதில், நம்பமாட்டீர்கள்,
லிட்மஸ் தாளின் ஒரு துணுக்கு, நீலம்.
போகும்போது சிவப்பாக இருந்திருக்கும்,
சோப்பு மாற்றியிருக்கும்.

கழுவ அரை மணி. காய ஆறு மணி.
இதை எந்தப் பாட்டிலும் சொல்வதில்லை.
நடுவில் ஈரம் நின்றுவிட்டால்
மூடிவைத்த கிணற்றின் வாடை.
மொட்டைமாடியில் வெயிலுக்கு முதுகைக் கொடுத்து
உட்கார்ந்திருந்தபோது
பின்தெருப் பூமயில் வாசலில் வந்து நின்றாள்.
தட்டில் எலுமிச்சை, சூடம், மகள் ஜாதகம்.
"ஒரு வாக்குச் சொல்லணும் தாயி."

சொட்டச் சொட்ட இறங்கி வந்தேன்.
வாக்கா.
"உங்க தெருவுலயும் போர்த்தண்ணிதானே?"
"ஆமா தாயி."
"மழை பேஞ்சா புடிச்சு வைங்க."
கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டாள்.
இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சூடமும் வேண்டாம் என்றேன்.
எலுமிச்சையை எடுத்துக்கொண்டேன்.
கடைசி அலசலுக்கு
ஒரு வாளிக்கு அரை மூடி போதும்.