மாதிரி

முட்டை ஓட்டில் ஒரு ஜன்னல் வெட்டுவேன்,
அஞ்சல்தலை அகலத்துக்கு.
மூன்றாம் நாள் பச்சைச் சாயம் கலந்த ஒரு துளி,
ஐந்து மின்துடிப்பு,
மேலே செல்லோ டேப்.
மாதவரத்தில் இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"புதிதாய் எதையும் சேர்ப்பதில்லை, பரிமளா,"
என்பார் டாக்டர் உமையாள்.
"அதனிடம் இருப்பதுதான்.
எட்டோ பத்தோ கோடி வருஷமாய்
வாய் திறக்காமல் கிடக்கிறது.
லேசாய்க் கிள்ளிவிடுகிறோம்."

பதினான்காம் நாள்,
நாற்பத்தொன்றாம் முட்டை.
நுண்ணோக்கிக்குக் கீழே
அலகின் விளிம்பில்
ரவை ரவையாய், வரிசையாய்.
முதலைக் குஞ்சுக்கு இப்படித்தான் தொடங்கும் என்றார்.
எனக்கோ
ஏழாம் மாதத்தில் என் மகன் கடித்த இடம்
சட்டென்று கூசியது.

பதினெட்டாம் நாளைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் விதி.
பொரித்தால் அது உயிர்,
பொரிக்காதவரை மாதிரி.
எதன் மாதிரி என்று
படிவத்தில் கட்டம் இல்லை.

அன்றிரவே புயல்.
ரெட்டேரி சாலை ஏறி
தீவனக் குடோன்வரை வந்துவிட்டது.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி நின்றது.
அடைகாப்புப் பெட்டியின் முள்
முப்பத்தேழரையிலிருந்து இறங்க இறங்க
டாக்டர் போனில் கத்துகிறார்:
"படம் எடுக்கும்வரை அது சாகக் கூடாது!"

மழைக்கோட்டுக்குள், ரவிக்கைக்குள்,
அதை வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.
நிமிர்ந்தால் குளிர்கிறது, குனிந்தால் பயம்.
கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள்.
நான் கோழி என்று
யாரும் சொல்லவில்லையே.
மூன்று மணி வாக்கில்
உள்ளே ஒரு அசைவு.
அல்லது என் வயிறு.
மதியம் சாப்பிட்டிருக்கவில்லை.

ஏழே காலுக்குக் கரண்ட் வந்தது.
பன்னிரண்டு படங்கள்.
எல்லாம் துல்லியம், கைதட்டினார்கள்.
பிறகு ஐஸ்.
'காரணம்' என்ற இடத்தில்
'ஆய்வு நிறைவு' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
கை இன்னும் வெதுவெதுப்பாய் இருந்தது.

மூலக்கடையில் இறங்கினேன், முழங்கால் தண்ணீர்.
மஸ்தான் பாய் கடையை மட்டும் திறந்திருந்தார்.
வெட்டுக்கட்டைப் பக்கத்தில் கிடந்த தலை ஒன்றை எடுத்து
அலகைப் பிரித்தேன்.
வழவழ.
விரலை ஓட்டிப் பார்த்தேன், மேலும் கீழும்.

"என்னக்கா, கோழிக்குப் பல்லா எண்ணுறீங்க?"
பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.
நானும்தான் சிரித்தேன்.

அரைக் கிலோ.
தோல் எடுத்துடுங்க பாய்.