பதினோராம் கேள்வி

சுற்றறிக்கை வட்ஸ்அப்பில் வந்தது,
ஞாயிறு இரவு, நான் பருப்புக் கழுவிக்கொண்டிருக்க.
முதலில் சிங்களத்தில்.
தமிழ்ப் பிரதி பின்னர் என்று
வலயத்திலிருந்து ஒரு குரல்பதிவு.
அந்தப் பின்னர்
இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

ஐம்பது பிள்ளைகளுக்குக் குறைந்த
பள்ளிக்கூடங்களின் விபரம் வேண்டுமாம்.
எங்கள் இடாப்பில் முப்பத்தொன்று.
நெல்லு வெட்டு நாளில் இருபத்திரண்டு.

பதினோராம் கேள்வி:
அண்மையிலுள்ள பாடசாலைக்கான தூரம்.
ஒரு பெட்டி. அதற்குள் ஒரு புள்ளி
முன்னமே அச்சடித்திருந்தது.
06.5 என்று நிரப்பினேன்.
பொய்யில்லை, என் ஸ்கூட்டியின் மீற்றர் சாட்சி.
ஆனால் குளம் வான் பாய்ந்தால்
பாலத்துக்கு மேலே முழங்கால் தண்ணி.
அப்போது சுற்றிப் போக வேணும், பத்தொன்பது.
முதிரை வளைவில் தனியன் நின்றால்
அது கிலோமீற்றரே இல்லை,
அவன் காதாட்டி அசையும் வரை
நாங்கள் மூச்சடக்கி நிற்கும் நேரம்.
பெட்டிக்குள் யானை கொள்ளவில்லை.
ஓரத்தில் பென்சிலால் சின்னதாய் எழுதினேன்.
ஸ்கான் பண்ணும்போது ஓரம் வெட்டுப்பட்டது.

அதே கிழமை மாங்குளத்தில் செயலமர்வு.
பாடம் இனி ஐம்பது நிமிடம்,
புத்தகத்துக்குப் பதிலாக மொடியூல்.
உதவிப் பணிப்பாளர் பகீரதன் சேர் நல்ல மனுசன்.
திரையில் எங்கோ ஒரு நாட்டுப் பிள்ளைகள்
வட்ட மேசையில் கன்னத்தில் கை வைத்திருந்தார்கள்.
"பிள்ளையளைக் குழுவாக இருத்துங்கோ" என்றார்.
எழும்பிச் சொன்னேன்:
"சேர், எனக்கு ஒரேயொரு மண்டபம்.
மூன்றும் நான்கும் ஐந்தும் ஒரே சீமெந்துத் தரையில.
மீளக் குடியேறின நாள் தொட்டு
குழுவாகத்தான் இருக்கினம்."
எல்லாரும் சிரித்தார்கள். அவரும்.
மத்தியானம் எனக்குக் கோழிக்கால் வைத்தார்கள்.

உண்மையைச் சொல்ல வேணும்.
சேர்க்கப்போகும் பள்ளிக்கூடம் நல்லது.
கக்கூசுக்குக் கதவுண்டு, கணிதத்துக்குப் பட்டதாரி.
என் மகளையே
அங்கேதான் சேர்த்திருந்தேன், இரண்டு வருசத்துக்கு முதல்.
தாய்மார் கையொப்பம் வைக்க வந்த நாளில்
ஒருத்தியும் அதைக் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

மார்கழியில்
முப்பத்தொரு விடுகைப் பத்திரம் என் கையெழுத்தில்.
மணியாய்த் தொங்கிய உழவு மெசின் தட்டை
விளையாட்டுக் கழகம் கேட்டது, கொடுத்தேன்.
எனக்கும் இடமாற்றம், பிள்ளைகளோடு.

தையில் வந்து சேர்ந்தது இருபத்தெட்டு.
மற்ற மூன்று பேர் எங்கே என்றேன்.
அலுவலகப் பிள்ளை கணினியைப் பார்த்தாள்.
"அப்படி ஒருத்தரும் இஞ்ச பதியேல்லையே, டீச்சர்."
அங்கே விலகியாயிற்று,
இங்கே வந்ததாகவே இல்லை.
மாதாந்த அறிக்கையில்
இடைவிலகல்: பூச்சியம்.
வரவில்லை என்று சிவப்புப் பேனையால் போட
அவர்களுக்கு ஓர் இடாப்பும் இல்லை.

மாசியில் ஒரு சனிக்கிழமை, குளக்கட்டு.
தகப்பனோடு மீன் நிறுத்துக்கொண்டிருந்தான் சாந்தரூபன்,
தரம் நான்கு.
என்னைக் கண்டதும் தராசுக்குப் பின்னால் பதுங்கினான்.
அறுநூற்றெண்பது ரூபாய்க்கு விரால்.
ஆயிரம் ரூபாய்த் தாள் நீட்டினேன்.
வானத்தைப் பார்த்தான். உதடு அசைந்தது.
பூச்சியத்தில எட்டுப் போகாது,
பக்கத்து வீட்டில கடன் கேள்,
அங்கயும் பூச்சியம்,
அதுக்கும் அடுத்த வீட்டில கேள்.
முந்நூற்றிருபது. சரி.
தாள்களில் செதில் ஒட்டியிருந்தது.

"டீச்சர், அங்க தரையோ, கதிரையோ?"
"கதிரை" என்றேன்.
தலையாட்டிவிட்டு
அடுத்த மீனைத் தட்டில் வைத்தான்.