இரண்டாம் வேற்றுமை

கதவில் சிவப்புச் சீட்டு. சாவியில் நீலம்.
ஜன்னலில் பச்சை.
ஜூன் மழையில் ஒட்ட ஆரம்பித்தாள் ஜெனோவா.
இப்போது வீட்டில் நிறமில்லாத சாமான் நான்தான்.

நீலம் டெர், ஆண்.
சிவப்பு டீ, பெண்.
பச்சை டாஸ், இரண்டும் இல்லாதது.
கரண்டி ஆணாம், முள்கரண்டி பெண்ணாம்,
கத்தி எதிலும் சேராதாம்.
முள்கரண்டி எங்களிடம் இல்லை,
அதன் சீட்டு மட்டும் சுவரில் தொங்குகிறது.
சிலுவைக்குப் பச்சை.
அதை மட்டும் பின்பக்கமாக ஒட்டினாள்.

"மூணும் ஒரே தட்டுலதானே கெடக்குது,
எதுக்கு ஆளுக்கொரு சாதி?"
"கேக்காத. மனப்பாடம் பண்ணு" என்றாள்,
பரீட்சை எனக்கு என்பதுபோல.
வலி நீலம் என்பதை மட்டும்
ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குக் குன்னூர் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி.
எனக்குக் கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மிஷின்.
மூன்று மணிக்குத் தண்ணீரைத் திறந்தால்
பத்து விரலும் வேறு யாருடையதோ ஆகிவிடும்.
சேறு கழன்று சிவந்து உருளும் கேரட்டைப் பார்த்து
டீ, டீ என்பேன்.
உருளைக்கிழங்கும் டீ.
பூண்டு வந்தால் டெர்.
லாரிக்காரர் போஜன் காதில் அது விழுந்திருக்கிறது.
ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினார்.
குடித்துக்கொண்டே நினைத்தேன்:
டீ மட்டும் அங்கே டீ இல்லை,
அதுவும் டெர்.
இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது
அந்த நேரத்தில், அந்தப் பனியில்?

சின்னப் பெண் என்ற சொல் பச்சை என்று
அவள் வாத்தியார் சொன்ன ஞாயிற்றுக்கிழமை
புத்தகத்தைத் தூக்கிப் போட்டாள்.
"பொண்ணைப் போய் 'அது'ங்கறானுங்க பாரு!"
நான் அப்போது போனில் தங்கச்சியிடம்
"அது இன்னும் சாப்புடல,
படிச்சிக்கிட்டு இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.
இருவரும் ஒரு கணம் பேசவில்லை.
பிறகு தலையணை பறந்து வந்தது.
தலையணை, டாஸ்.

நேற்றுப் புதுப் பாடம்: வேற்றுமை.
ஐ, ஆல், கு என்று நானும்
ஏழாம் வகுப்பில் ஒப்பித்ததுதான்.
அங்கே எல்லாவற்றுக்கும் ஐ இல்லையாம்.
கதவைத் திற, கதவு டீயாகவே நிற்கும்.
ஜன்னலைச் சாத்து, டாஸ் அசையாது.
சாவியை எடுத்தால் மட்டும்
டெர், டென் ஆகிவிடும்.
"ஆம்பளைங்க மட்டும்தான் மாறுவாங்களா?"
"ஆமா. தொட்டா மாறிருவாங்க."
"ஒரு வாக்கியம் சொல்லு."
ஸ்வெட்டருக்குள் தலை மாட்டிக்கொண்டிருந்தது.
கம்பளி வழியாக வந்தது குரல்:
இஷ் ஸேயெ டென் மான்.
அந்த ஆளைப் பார்க்கிறேன்.
தலை வெளியே வந்ததும் பார்த்தாள்.

பார்க்கிறேனை எடுத்துவிட்டு
விட்டுப்போகிறேனைப் போட்டாலும்
அதே டென்தானா?
கேட்கவில்லை.
கடைசி பஸ் வளைவில் ஹாரன் அடித்தது.

அடுத்த வாரம் நான்காம் வேற்றுமையாம்.
கொடுக்கும்போது அதில்
பெண்ணுக்கும் டெர் வருமாம்.
புத்தகத்தில் முன்னாடியே புரட்டிவிட்டேன்.

இரண்டரை மணி. நான் கிளம்ப வேண்டும்,
அவள் வர எட்டாகும்.
பூட்டிவிட்டு ஜெரேனியத் தொட்டிக்கு அடியில்
சாவியை வைக்கக் குனிந்தேன்.
சீட்டு நனைந்து நீலம் விரலில் வந்தது.
நான், சாவியை, அவளுக்கு.
மூன்றும் சரியாக இருக்கிறதா என்று
இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன்.
உச்சரிப்பு அவள்தான் திருத்த வேண்டும்.