இரண்டரை ஷில்லிங்

விதி அது, நான் போட்டதில்லை:
மோதிரமில்லாதவள் நோவெடுத்துத் துடிக்கும்போது
தகப்பன் பெயரைக் கேள்.
சொல்லும்வரை கை வைக்காதே.
பைபிள் மேல் சத்தியம் செய்து
வாங்கிய உரிமம் என்னுடையது.

ஹியர்ஃபோர்டுக்கு மேற்கே, வேல்ஸ் மலைகள்
ஈரச் சாக்குபோலக் கிடக்கும் பக்கம்.
பிப்ரவரி. ஆப்பிள் பிழியும் கொட்டகை.
காலிப் பீப்பாய்களுக்கு நடுவே வைக்கோல்,
அதில் திர்ஸா ப்ரீஸ்.
பத்தொன்பது வயது. பால் கறந்து காய்த்த கை.
வெளியே ஏழைவரிக் கண்காணிப்பாளர் ப்ராபர்ட்
காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார்.
அவருக்குக் குளிர்.

கேட்டேன்.
மாட்டேன் என்று தலையாட்டினாள்.
குழந்தை குறுக்கே கிடந்தது,
வயிற்றைப் பார்த்தாலே தெரிந்தது.
இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு
மறுபடி கேட்டேன்.
சூடேற்றிக்கொள்கிறேன் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
மூன்றாம் முறை சொன்னாள்.
கத்தவில்லை. எனக்கு மட்டும் கேட்கும்படி,
மன்னிப்புக் கேட்பவள் மாதிரி.

அந்தப் பெயரை
இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு
நான்தான் தேடி வைத்தேன்.

பிறகு என் கைகள் நன்றாகவே வேலை செய்தன,
அதையும் சொல்லியாக வேண்டும்.
புரட்டினேன், காலைப் பிடித்தேன், இழுத்தேன்.
பெண். முதலில் நீலம். அறைந்ததும் சிவப்பு.
காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது,
என் வீட்டில் எல்லோருக்கும் இருப்பதுபோல.
துணியை இழுத்து மூடினேன்.

“சொன்னாளா?”
“எங்கே, கல்லுளிமங்கி. வாயே திறக்கவில்லை.”
ப்ராபர்ட் சொல்லிக்கொண்டே எழுதினார்:
மருத்துவச்சிக்கு இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ்.
கொட்டகைக் கதவு திறந்துதான் இருந்தது.
அவளுக்குக் கேட்டிருக்கும்.

பெயர் சொல்லாதவளுக்கு ஓராண்டு
திருத்த இல்லத்தில் சணல் அடிக்கும் வேலை.
பால் கட்டிய மாரோடு வண்டியில் ஏற்றினார்கள்.
குழந்தையை, வாரம் பதினெட்டு பென்ஸுக்கு,
ஏற்கெனவே நான்கு பிள்ளைகள்
இருமிக்கொண்டிருந்த வீட்டில் விட்டார்கள்.
ஐந்து வாரம்.
பெட்டி செய்த தச்சனுக்கு எவ்வளவு என்பதும்
அதே பக்கத்தில் இருக்கிறதாம்.
எனக்குப் படிக்கத் தெரியாது.

இரண்டரை ஷில்லிங்கில்
மகனின் பூட்ஸுக்குப் புதுத் தோல் அடித்தேன்.
அந்தக் காலோடுதான் பிரிஸ்டலுக்கு நடந்தான்,
கப்பலேற.
கொட்டகையில் என்ன நடந்தது என்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

நேற்று சந்தையில் திர்ஸா.
முன்பல் இரண்டு இல்லை. கையில் கூடை.
“முட்டை டஜன் என்ன விலை?”
எல்லோரையும் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.
சொன்னேன். எண்ணி வைத்தேன்.
பன்னிரண்டுக்கு மேல் ஒன்றும் வைத்தேன்.

காசைக் கொடுத்தாள்.
கூடைக்குள் கைவிட்டு
ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.
கடைசி ஒன்றை எடுத்து
என் வைக்கோலில் திரும்ப வைத்தாள்,
விரிசல் விடாமல்,
அவ்வளவு பார்த்து.