புதிய வாக்காளர்

குறும்பனைக்கு வந்த உறையில்
மெல்கியாஸ் பெயர்.
புதிய வாக்காளராம். வயது நாற்பத்தொன்று.
முப்பத்துநான்கில் கடலோடு போனவனை
யாரோ ஏழு வருடம் வளர்த்திருக்கிறார்கள்.

முத்திரை இல்லை. அப்பா பெயரில் எழுத்துப் பிழை.
கீழே ஒரு செல்போன் எண்:
உறுதிசெய்ய அழைக்கவும், ஆதார் கையில் இருக்கட்டும்.

"கள்ளக் கடுதாசி மைனி,
கூப்பிடாதீங்க" என்றேன்.
அடுப்படிக்குள் போய்க் கூப்பிட்டிருக்கிறாள்.
மெல்கியாஸ் இருக்காரா என்று கேட்டானாம்.
"கடலுக்குப் போயிருக்காவ"
என்று வைத்துவிட்டாளாம்.

தக்கலை தாலுகா ஆபீசில்
எழுத்தர் பட்டியலை இரண்டு தடவை பார்த்தார்.
"எப்பவோ நீக்கியாச்சே.
இது மோசடி. எழுதிக் குடுங்க."
எழுதினேன். கடுதாசியைப் பின்குத்தி வாங்கினார்.

"உறை எங்கே?"

ஜெசிந்தா மின்விசிறியைப் பார்த்தாள்.
மடியில் பை,
ஜிப்பின் மேல் இரண்டு கையும்.